அச்சாணியிலிருந்து தொடங்கும் விசிறி: மடக்கு விசிறி செய்ய ஒரு வழிகாட்டி

ஒரு தாளை முன்னும் பின்னுமாக மடித்து அடியில் ரப்பர் பேண்டைச் சுற்றினால் விசிறி ஆகிவிடும். அதற்கு வழிகாட்டி தேவையில்லை. இங்கே செய்யப்போவது குச்சி வைத்த மடக்கு விசிறி. ஒரு கையால் சரேலென்று விரிக்கலாம், மூடினால் இரண்டு விரல் அகலத்தில் பைக்குள் போய்விடும், நூறு தடவை திறந்து மூடினாலும் மடிப்பு குலையாது. காகிதம், மரக்குச்சி, கெட்டி அட்டை, ஒரு சிறு திருகாணி, பசை ஆகியவை போதும். ஒரு விடுமுறை நாளின் பகல்பொழுது போதும், பசை காய ஓர் இரவு விட்டுவிட வேண்டும்.

இரண்டு விசிறிகளுக்கும் அழகில் மட்டும் வேறுபாடு இல்லை. நீள்சதுரத் தாளை மடிக்கும்போது மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே நீளம். ஆனால் விரிந்த விசிறிக்கு மேலே நிறையத் தாளும் கீழே கொஞ்சமும்தான் வேண்டும். மிச்சத் தாள் அடியில் திரண்டு நிற்கும். அதனால்தான் அந்த விசிறி முழுக்க விரியவும் மாட்டாது, தட்டையாக மூடவும் மாட்டாது. குச்சி விசிறியின் தாள் வில்லாக வெட்டப்படுகிறது. நாம் எடுக்கப்போகும் அளவில் அதன் மேல் வளைவு ஏறத்தாழ 52.8 செ.மீ., கீழ் வளைவு 23.5 செ.மீ. மடிப்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடாமல் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கி ஓடும். அந்தப் புள்ளியில்தான் அச்சாணி உட்காரும்.

இந்த வேலையில் புதியவர்கள் தடுமாறும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றே. தாளிலிருந்து தொடங்கி, கடைசியில் அச்சாணிக்கு இடம் தேடுகிறார்கள். திருப்பிச் செய்யுங்கள். முதலில் புள்ளியைக் குறியுங்கள், எல்லா அளவையும் அங்கிருந்தே எடுங்கள்.

என்னென்ன வேண்டும்

விசிறிக்கு நான்கு உறுப்புகள். காற்றைத் தள்ளும் மடித்த தாள். அதைத் தாங்கும் உள்குச்சிகள். இரண்டு ஓரத்திலும் சற்று அகலமான ஓரச் சட்டங்கள். எல்லாவற்றையும் அடியில் கோக்கும் அச்சாணி.

தாள் ஏ3 அளவில், 80 முதல் 100 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனத்தில் இருந்தால் நல்லது. சாதாரண அச்சுத்தாளே போதும். வரைபட அட்டை மாதிரி கெட்டியான தாளை எடுக்க ஆசை வரும், வேண்டாம். மூடும்போது 21 அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வேண்டும், கெட்டித்தாள் அங்கே பிதுங்கி நிற்கும். மடிப்பில் வெடித்தும் போகும். நீண்ட இழை உள்ள கைக்காகிதம் கிடைத்தால் அதுதான் முதல் தரம், எத்தனை தடவை மடித்தாலும் கிழியாது.

குச்சிக்கு, காபி கலக்கும் தட்டையான மரக்குச்சிகளைப் பரிந்துரைக்கிறேன். நீளம் சுமார் 17.8 செ.மீ., அகலம் 6 மி.மீ., தடிமன் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்குச்சி 9 தேவை. 15 எடுத்து வைத்துக்கொண்டு, மேசைமேல் வைத்துப் பார்த்து வளைந்தவற்றைக் கழித்துவிடுங்கள். ஐஸ் குச்சிகள் எல்லோர் வீட்டிலும் இருக்கும், ஆனால் இந்த விசிறிக்கு ஒத்துவராது. சாதாரண ஐஸ் குச்சி 11.4 செ.மீ. நீளம்தான், தடிமனோ 2 மி.மீ. குட்டையான குச்சியால் தாளை மேல்வரை தாங்க முடியாது, தடித்த குச்சிகளை அடுக்கினால் அடிப்பகுதி உருண்டையாகிவிடும். மூங்கிலைச் சீவத் தெரிந்தவர்கள் 1 மி.மீ. தடிமனுக்குச் சீவி வைத்துக்கொண்டால் இன்னும் சிறப்பு.

ஓரச் சட்டத்துக்கு ஒன்றரை மி.மீ. கெட்டி அட்டை. கணக்குப் புத்தகங்களின் மேலட்டை இந்தத் தடிமனில்தான் இருக்கும். மெல்லிய அட்டைகள் இரண்டை ஒட்டியும் செய்யலாம்.

அச்சாணிக்கு 2 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. நீளமும் உள்ள திருகாணி, அதற்கு ஒரு நட்டு, இரண்டு வாஷர். 9 குச்சியும் 2 சட்டமும் சேர்ந்தால் ஏறக்குறைய 15 மி.மீ. கனம் வரும் என்பதால் இந்த நீளம். திருகாணி கிடைக்காவிட்டால் உறுதியான நூலில் இரண்டு பக்கமும் மணி கோத்து இறுக்கிக் கட்டலாம். சின்னப் பிள்ளைகளோடு செய்யும்போது அதுவே பாதுகாப்பு.

இவை தவிர வெள்ளைப் பசை, பென்சில், உலோக அளவுகோல், கட்டர் கத்தி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, 2 மி.மீ. துளையிடும் கைத்துரப்பணம், மெல்லிய உப்புத்தாள், பல்குத்தும் குச்சி ஒன்று, தடித்த பெட்டி அட்டை ஒரு துண்டு.

வரைபடம்

நேராக விசிறித் தாளில் வரையாதீர்கள். வேறொரு ஏ3 தாளில் வரைபடம் போட்டு, அதைப் பெட்டி அட்டைமேல் ஒட்டிவிடுங்கள். குச்சி ஒட்டும்போது இதே வரைபடம் அடியில் தளமாக இருக்கும், அடுத்தடுத்த விசிறிகளுக்கும் உதவும்.

தாளைப் படுக்கைவாக்கில் வைத்து, கீழ் விளிம்பிலிருந்து 2 செ.மீ. மேலே, நடுவில் ஒரு புள்ளி குறியுங்கள். அதுதான் அச்சு. பள்ளிக் கவராயம் 18 செ.மீ. ஆரத்துக்கு விரியாது. ஒரு அட்டைப் பட்டையில் ஒரு முனைக்கருகே ஊசித்துளை போட்டு, அங்கிருந்து 8 செ.மீ. தொலைவிலும் 18 செ.மீ. தொலைவிலும் பென்சில் முனை நுழையும் துளை போடுங்கள். ஊசியை அச்சில் குத்திப் பட்டையைச் சுழற்றினால் இரண்டு வளைவுகளும் பிசகாமல் வரும்.

அடுத்து பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். மொத்தம் 21 பட்டை. ஏன் ஒற்றைப்படை? ஒன்று விட்டு ஒன்றில்தான் குச்சி வரும். முதல் பட்டையிலும் கடைசிப் பட்டையிலும் சட்டம் உட்கார வேண்டும். 20 பட்டை போட்டால் கடைசிப் பட்டை பிடிப்பில்லாமல் தொங்கும். எந்த அளவில் விசிறி செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஒவ்வொரு பட்டைக்கும் 8 பாகை. கோணமானியின் மையத்தை அச்சில் வைத்து 6, 14, 22, 30 என்று எட்டெட்டாகக் கூட்டி 174 வரை குறித்தால் 22 கோடு வரும். இரண்டு ஓரக் கோடுகள் வெட்டுவதற்கு, இடையில் உள்ள 20 மடிப்பதற்கு. பள்ளிக் கோணமானி சிறியது. அதன் விளிம்பில் அரைப் பாகை பிசகினால் 18 செ.மீ. தள்ளி ஒன்றரை மில்லிமீட்டர் பிசகும். அதனால் கோடுகளை நீட்டியதும் மேல் வளைவில் ஒவ்வொரு பட்டையின் அகலத்தையும் அளந்து பாருங்கள், 2.5 செ.மீ. இருக்க வேண்டும். கோணமானியே இல்லாவிட்டாலும் பாதகமில்லை. நடுப்பட்டைக்கு நடுக்கோட்டின் இருபுறமும் ஒன்றேகால் செ.மீ. குறித்து, அங்கிருந்து வளைவின்மேல் இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தடவை 2.5 செ.மீ. தாண்டிக்கொண்டே போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சிறுபிழைகள் சேர்ந்து மறுகோடியில் பெரிதாகும். நடுவிலிருந்து போனால் பாதிதான் சேரும்.

எல்லாக் கோடுகளும் அச்சுப் புள்ளிவரை நீள வேண்டும். பிறகு 1, 3, 5 என 21 வரை ஒற்றை எண் பட்டைகளின் நடுவே வேறு நிறத்தில் ஒரு கோடு போட்டு, பட்டைகளுக்கு எண்ணும் எழுதிவிடுங்கள். இந்த எண்கள் பின்னால் குழப்பத்தைத் தவிர்க்கும்.

உங்களிடம் உள்ள குச்சி வேறு நீளமா? குச்சியின் நீளத்தில் 1.2 செ.மீ. கழித்து, ஒன்றரை செ.மீ.க்கு மிகாமல் கூட்டுங்கள். அதுவே மேல் வளைவின் ஆரம். குச்சி நுனி தாளின் மேல் விளிம்பைத் தொடாமல் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும். விளிம்புவரை போனால் நுனி பட்டுப் பட்டு அங்கேதான் முதலில் கிழியும்.

தாளை வெட்டுவதும் அலங்கரிப்பதும்

காகிதத்துக்கு இழையோட்டம் உண்டு. தாளை இரண்டு திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் முதுகு ஓடும் திசையே இழை ஓடும் திசை. விசிறியின் நடுக்கோடு இழையோட்டத்தோடு போகுமாறு தாளை வையுங்கள். ஓர மடிப்புகள் எப்படியும் இழைக்குக் குறுக்கேதான் வரும், ஆனால் நடுவில் உள்ள பெரும்பான்மை மடிப்புகள் கூர்மையாக விழும். ஏ3 தாளில் இழை வேறு திசையில் ஓடினால், இன்னும் பெரிய தாளிலிருந்து திருப்பி வெட்டிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் அப்படியே செய்யலாம், மடிப்பை அழுத்தும்போது கொஞ்சம் கூடுதல் உழைப்பு, அவ்வளவே.

வரைபடத்தின் இரு வளைவுகளையும் ஓரக் கோடுகளையும் தாளில் படியெடுங்கள். படம் வரைவதாக இருந்தால் இப்போதே, வெட்டுவதற்கு முன்பே, வரைந்துவிட வேண்டும். கலர் பென்சில், மை, நீர்த்த வாட்டர் கலர் மூன்றும் நல்லவை. அக்ரிலிக்கைக் கனமாகப் பூசினால் மடிப்பில் பாளம் பாளமாக உதிரும். வாட்டர் கலரில் தாள் சுருங்கினால் காய்ந்தபின் கனமான புத்தகங்களுக்கடியில் ஓர் இரவு வையுங்கள். மனித முகம், பெரிய எழுத்து போன்றவற்றை மடிப்பு உடைத்துவிடும். கிளை, அலை, இலை, மேகம் மாதிரி உடைந்தாலும் கெடாத உருவங்களே விசிறிக்குப் பொருத்தம். வெறும் நிறம் மேலே அடர்த்தியாகத் தொடங்கிக் கீழே வெளிறுவதுகூட விரிக்கும்போது மிக அழகாக இருக்கும். முதல் விசிறிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

மடிப்பு

அவசரப்படக் கூடாத கட்டம் இது. மடிப்பு சரியாக விழுந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

விசிறித் தாளின் முகப்புப் பக்கம் மேலே இருக்க வரைபடத்தின்மேல் வைத்து, மேல் வளைவிலும் கீழ் வளைவிலும் ஒவ்வொரு கோட்டுக்கும் மிகச் சிறிய பென்சில் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளையும் அளவுகோலால் சேர்த்து, மை தீர்ந்த பேனாவால் ஒரே அழுத்தத்தில் கோடு இழுங்கள். அடியில் ஒரு பழைய வார இதழை விரித்துக்கொண்டால் கோடு நன்றாகப் பதியும். கத்தியால் கீறாதீர்கள்; மெல்லிய தாளில் கத்திக் கோடு பின்னால் கிழிசலாகிவிடும்.

முகப்புப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது முதல் கோடு மேடு, இரண்டாவது பள்ளம், மூன்றாவது மேடு என்று மாறி மாறிப் போக வேண்டும். அதாவது ஒற்றை எண் கோடுகள் எல்லாம் உங்களை நோக்கி எழும்பி நிற்கும். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். குச்சிகள் அச்சாணியில் அடுக்கப்படும் வரிசைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மாற்றி மடித்தால் தாள் ஒரு பக்கம் போகக் குச்சிகள் மறுபக்கம் இழுக்கும், விசிறி மூடவே மூடாது.

முதலில் எல்லா மேடுகளையும் ஒவ்வொன்றாக மடித்து விரியுங்கள், பிறகு பள்ளங்களை. அதன்பின் ஒரு முனையிலிருந்து அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கீழ் விளிம்புகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று நாலைந்து மடிப்புக்கு ஒருமுறை பாருங்கள். சேர்த்து முடித்ததும் ஒரு கரண்டியின் முதுகாலோ வழவழப்பான பேனா மூடியாலோ இருபுறமும் அழுத்தித் தேய்த்து, புத்தகங்களுக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

ஒரே மாதிரி பல விசிறிகள் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஜப்பானில் கியோட்டோ விசிறிக் கைவினைஞர்கள் கோடு போட்டு மடிப்பதில்லை. முன்பே மடித்து வைத்த இரண்டு கெட்டியான தாள்களுக்கு நடுவே ஈரப்பதம் ஏற்றிய விசிறித் தாளை வைத்து மூன்றையும் சேர்த்து மடிக்கிறார்கள். நீங்களும் 200 ஜி.எஸ்.எம். தாளில் இதே வடிவத்தை இரண்டு தடவை வெட்டிக் கவனமாக மடித்து வைத்துக்கொண்டால், அடுத்த தாள்களுக்குக் கோடே போட வேண்டியதில்லை.

குச்சியும் சட்டமும்

குச்சிகளின் ஓரங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சிலாம்பு நீக்குங்கள். சாயம் பூசுவதானால் இப்போதே பூசிக் காயவிடுங்கள். ஆனால் பெயின்ட் கனமாக ஏறினால் குச்சிகள் ஒன்றோடொன்று உரசிச் சிக்கும். மரத்தின் நிறத்தை அப்படியே விடுவது என் விருப்பம்.

ஓரச் சட்டத்தின் நீளம் 19.2 செ.மீ.; அச்சுக்கு மேலே 18, கீழே 1.2. மேல் முனையில் 2.5 செ.மீ. அகலம், அடியில் 1.2 செ.மீ. மூடிய தாளை இரண்டு பக்கமும் மறைத்துக் காப்பது இதன் வேலை என்பதால் மேல்முனை ஒரு பட்டையின் அகலத்துக்குக் குறையக் கூடாது. அடிமுனையை வட்டமாக வெட்டிவிடுங்கள், கையை உறுத்தாது. ஒட்டும் முன், மேசை விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்து, மேல் பாதி உள்நோக்கி மிகச் சிறிதளவு வளையும்படி செய்யுங்கள். தாளின் கனம் சேர்வதால் மூடிய விசிறியின் மேல்முனை அடிமுனையைவிடச் சற்றுப் பருத்து, விரிந்துகொண்டே நிற்கப் பார்க்கும். உள்நோக்கி வளைந்த சட்டங்கள் அதை அமுக்கிப் பிடிக்கும். ஜப்பானிய மூங்கில் விசிறிகளில் சட்டத்தைச் சூடுகாட்டி உள்பக்கம் வளைப்பதும் இதற்காகத்தான். நல்ல விசிறி மூடும்போது வரும் அந்த ‘டப்’ சத்தம் அங்கிருந்து வருகிறது.

துளை: ஒன்பது குச்சிகளையும் அடிமுனை சமமாக நிற்கும்படி அடுக்கி, இரண்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். முனையிலிருந்து 1.2 செ.மீ. மேலே, அகலத்தின் நடுவில் குறி. முனையைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றிவிட்டுத் துரப்பணத்தை நேராகப் பிடித்து, அழுத்தாமல் மெதுவாகச் சுழற்றித் துளையிடுங்கள். அடியில் ஒரு மரத்துண்டு இருக்கட்டும். ஆணியை அடித்துத் துளை போட்டால் இந்த மெல்லிய மரம் இழையோடு பிளந்துவிடும். அட்டைச் சட்டங்களைத் தனியாகத் துளைத்துக்கொள்ளலாம். துளை திருகாணி தாராளமாக நுழையும் அளவுக்கு இருக்கட்டும், ஆனால் ஆடக் கூடாது.

ஒட்டுவதற்கு முன் ஒரு ஒத்திகை

வரைபடத்தின் அச்சுப் புள்ளியில் பல்குத்தும் குச்சியை நேராகக் குத்தி நிறுத்துங்கள். இது தற்காலிக அச்சாணி. உண்மையான திருகாணியை இப்போதே போட்டு இறுக்கினால் குச்சிகள் தாளோடு படியாது. பல்குச்சியில் அவை மேலும் கீழும் நகர்ந்து தங்களுக்கேற்ற உயரத்தில் உட்காரும்.

தாளின் முகப்பு கீழ்நோக்கி இருக்கப்போவதால் வரைபடத்தோடு ஒப்பிட்டால் இடம் வலம் மாறும். அது ஒரு பொருட்டல்ல, எந்தப் பக்கம் முதல் பட்டை வருகிறதோ அதுவே 1. அடுக்கும் வரிசை மட்டும் முக்கியம். எல்லாவற்றுக்கும் அடியில் முதல் சட்டம். அதன்மேல் தாளின் முதல் பட்டை, முகப்புப் பக்கம் சட்டத்தைத் தொடும்படி. பிறகு 3, 5, 7 என்று 19 வரை ஒவ்வொரு பட்டையின் முதுகிலும் ஒரு குச்சி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்குச்சியில் கோத்துக்கொண்டே. கடைசியாக 21ஆம் பட்டையின் முதுகில் இரண்டாவது சட்டம். ஆக ஒரு சட்டம் தாளின் முன்புறமும் மற்றது பின்புறமும் வருகிறது. மூடிய விசிறியின் இரண்டு வெளிப்பக்கங்களும் அவைதாம்.

பசையில்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் அடுக்கி, தாளோடு சேர்த்து மூடிப் பாருங்கள். எங்காவது தாள் எதிர்த்தால் மடிப்புத் திசையோ அடுக்கு வரிசையோ தவறு. இப்போது திருத்த ஐந்து நிமிடம் போதும். ஒட்டியபின் திருத்தவே முடியாது.

ஒட்டுதல்

பசையைக் குச்சியில் தடவுங்கள், தாளில் அல்ல. தாளுக்குள் நுழையும் பகுதியில் மட்டும், அதாவது அச்சிலிருந்து 8 செ.மீ.க்கு மேலே, மெல்லிய ஒரு கோடாகத் தடவி, விரலால் பரப்பி, வழியும் பசையைத் துடைத்துவிட்டு வையுங்கள். வெள்ளைப் பசையில் நீர் அதிகம். கொஞ்சம் கூடினாலும் தாள் நெளியும், பக்கத்துப் பட்டையோடும் ஒட்டிக்கொள்ளும். குச்சி அந்தப் பட்டையின் நடுக்கோட்டில் நிற்கிறதா, இரண்டு பக்கமும் மடிப்புக் கோட்டைத் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தாளின் கீழ் வளைவில் பட்டையின் அகலம் 1.1 செ.மீ.தான், 6 மி.மீ. குச்சிக்கு இருபுறமும் இரண்டரை மி.மீ. இடம் இருக்கும். குச்சி மடிப்புக் கோட்டின்மேல் ஏறினால் அங்கே மடிப்பு விழாது.

மூன்று குச்சி ஒட்டியதும் நிறுத்தி, பத்து நிமிடம் காயவிட்டு, மெதுவாக அந்தப் பகுதியை மட்டும் மூடித் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் தொடரலாம். சட்டங்களுக்குப் பசை சற்றுத் தாராளமாக வேண்டும். திறக்கும்போதும் மூடும்போதும் இழுபடுவது அந்த இரண்டு பட்டைகள்தாம். எல்லாம் ஒட்டி அரை மணி நேரம் கழித்து விசிறியை மூடி, பசை ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு காகிதப் பட்டையால் தளர்வாகச் சுற்றி, புத்தகத்தின் அடியில் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள்.

குச்சிகள் ஏன் பின்பக்கம் தெரியும்படி இருக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. ஜப்பானிய விசிறியில் தெரியாது. பல அடுக்காக ஒட்டிய தாளின் நடுவே இடைவெளி உண்டாக்கி, அதற்குள் வாயால் காற்றை ஊதித் திறந்து, நூல் போல மெலிதாகச் சீவிய மூங்கிலைச் செருகுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் கை பழகியவர்களின் வேலை அது. வேண்டுமானால் பின்பக்கத்தில் இன்னொரு மடித்த தாளை ஒட்டிக் குச்சிகளை மறைக்கலாம், ஆனால் கனம் கூடும். முதல் விசிறிக்குத் தேவையில்லை.

அச்சாணி

காலையில் பல்குச்சியை எடுத்துவிட்டுத் திருகாணியைச் செலுத்துங்கள். தலைப்பக்கம் ஒரு வாஷர், நட்டுப் பக்கம் ஒரு வாஷர். இல்லாவிட்டால் அட்டைச் சட்டத்தில் நட்டு புதைந்துபோகும். நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஒரு சோதனை: விசிறியைப் பாதி விரித்துப் பக்கவாட்டில் பிடித்தால் தானாகச் சரியக் கூடாது, கட்டைவிரலால் தள்ளினால் தடையில்லாமல் விரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கால் சுற்று வித்தியாசம்தான் இருக்கும். அந்த இடம் கிடைத்ததும் நட்டின்மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் தளராது. நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி முனையை அரத்தால் மட்டமாக்குங்கள்.

விரித்துப் பார்த்தால்

முதல் இருபது முப்பது தடவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். தாள் புதிது, மடிப்பு பழக வேண்டும். மேசைத் துணி போல் தட்டையாக வரும்வரை இழுக்க வேண்டியதில்லை, மடிப்பின் மேடு பள்ளம் சிறிது மிச்சமிருக்கும் நிலையே சரியான விரிப்பு. அந்த நெளிவுதான் தாளுக்கு விறைப்பைத் தருகிறது. விறைப்பில்லாத விசிறி வளைந்து கொடுக்குமே ஒழியக் காற்றைத் தள்ளாது. இதே காரணத்துக்காகத் தாளில் பெரிய பெரிய ஓட்டை வெட்டி அலங்கரிப்பதையும் தவிர்க்கச் சொல்வேன். பார்க்க நன்றாயிருக்கும், வீச உதவாது.

விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. உடம்பை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விலக்கி, வியர்வை சீக்கிரம் ஆவியாக வழிவிடுகிறது. அதனால் வேகமாகப் படபடக்க வேண்டியதில்லை. மணிக்கட்டிலிருந்து அகலமாக, நிதானமாக வீசினால் கையும் வலிக்காது, காற்றும் நன்றாக வரும்.

சில கோளாறுகள் எல்லோருக்கும் வரும். ஒரே ஒரு பட்டை வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அதன் குச்சி அச்சை நோக்கிச் சரியாக நிற்கவில்லை; சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியைத் துணிமேல் வைத்து இளக்கினால் வெள்ளைப் பசை விட்டுக்கொடுக்கும், குச்சியை நகர்த்தி மறுபடி ஒட்டலாம். மேல்முனை மட்டும் விரிந்து நின்றால், ஒட்டுவதற்கு முன் சட்டங்களை வளைக்காமல் விட்டதே காரணம். இப்போது வளைக்க முயன்றால் அட்டை முறியும், மூடியபின் ஒரு மெல்லிய நாடாவால் சுற்றி வைப்பதே வழி. சட்டத்தை அடுத்த மடிப்பில் கிழிசல் தொடங்கினால், பின்பக்கம் அரை செ.மீ. அகலத்தில் டிஷ்யூ தாளைப் பசையில் நனைத்து ஒட்டுங்கள். செல்லோ டேப் வேண்டாம், அதன் ஓரத்தில் புதிய கிழிசல் பிறக்கும்.

தாளே இல்லாத விசிறியும் உண்டு. ஜப்பானில் காகித விசிறிக்கு முன்பே ஹினோக்கி மரத்தின் மெல்லிய பட்டைகளைக் கோத்து அரசவையில் பயன்படுத்தினார்கள். 877ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட அப்படி ஒரு விசிறி கியோட்டோவின் தோஜி கோயில் சிலைக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது. மேற்சொன்ன வேலை கைவந்தபின் அதையும் முயலலாம். அரை மி.மீ. அட்டையில் 16 செ.மீ. நீளம், மேலே 2.5, அடியில் 1 செ.மீ. அகலமாக 20 பட்டை வெட்டி, அடியில் துளையிட்டு, அச்சிலிருந்து 14 செ.மீ. மேலே ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பிளவு போடுங்கள். ஒரு மெல்லிய நாடாவை ஒவ்வொரு பிளவிலும் முன்னிருந்து பின்னாக நுழைத்து, பிளவுக்குப் பிளவு 2 செ.மீ. விட்டு ஒரு துளி பசையால் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் அடுத்ததன்மேல் அரை செ.மீ. ஏறி நிற்கும் நிலையில் நாடா இழுத்து நிறுத்திவிடும். மடிக்கிற வேலையே இல்லை, ஆனால் நாடாவின் 2 செ.மீ. எங்கும் மாறக் கூடாது. ஓரிடத்தில் குறைந்தாலும் அங்கே விசிறி கோணிக்கொள்ளும்.